கிலுகிலுப்பை அக்கா எடுத்த பாஸ்போர்ட் படம்

என் நாத்தனாருக்கு மூக்கின்மேல் கோபம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். தப்பு. கோபக்காரி நான்தான். எனக்குச் சட்டென்று ஏறும், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அவருக்கு இருப்பது பிடிவாதம். அது தண்ணீருக்கும் இறங்காது, கண்ணீருக்கும் இறங்காது.

அவர் குழந்தைகளைப் படம் எடுப்பவர். பெரியவர்களை எடுக்க மாட்டார். கல்யாணமா, வேறு ஆளைப் பாருங்கள். கடை திறப்பு விழாவா, வந்த வழியே இறங்கிப் போங்கள். ஆறு வயதுக்கு மேல் ஒரு முகத்துக்கும் அவர் கேமராவைத் தூக்கியதில்லை. "அதுக்கு மேல எல்லாரும் நடிக்கக் கத்துக்கறாங்க" என்பார். கூடவே பதினோரு வருடமாக மாரடிக்கிறேனே, என்னையாவது ஒரு படம் எடுத்திருப்பாரா? ஊஹூம். நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஸ்டூடியோ ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. பத்தொன்பது படிகள். தள்ளுவண்டிகள் எல்லாம் கீழேயே நிற்கும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுவது என் வேலை. மேலே ஒரே ஒரு பெரிய அறை. சுவரிலிருந்து தரைவரை இறங்கும் வெள்ளைக் காகிதச் சுருள், ஒரு பக்கம் குடை விளக்கு, குழந்தை உட்கார முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நாலு விரிப்புகள். அக்காவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கிலுகிலுப்பை கிடக்கும். கடைக்குப் போனாலும், பாங்குக்குப் போனாலும் அவர் நடந்தால் சத்தம் வரும். அதனால் தெருவே அவருக்கு வைத்த பெயர் கிலுகிலுப்பை. முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் கூட ஒரு "அக்கா" சேர்த்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த அக்கா என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். குழந்தை வந்ததும் முதல் பத்து நிமிடம் கேமரா பக்கமே போக மாட்டார். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஏதாவது செய்வார். ஒரு டப்பா மூடியை உருட்டுவார், காலுறையைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்வார். குழந்தையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். யாரடா இவள், நம்மைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று குழந்தைக்கே பொறுக்காது. அதுவாகத் தவழ்ந்து கிட்டே வரும். அப்புறம்தான் கேமரா.

அப்பாக்களுக்கு உள்ளே இடமில்லை. அவர்களை அக்கா கையைப் பிடித்துக்கூட வெளியே விட்டிருக்கிறார். ஏனென்றால் ஓர் அப்பா இடப் பக்கம் நின்று "இங்க பாரு செல்லம்" என்று கைதட்டுவார், மாமா வலப் பக்கம் நின்று விசில் அடிப்பார், குழந்தை பேந்தப் பேந்த முழிக்கும். "சிரி" என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் சொல்லக்கூடாது. எழுதியே ஒட்டியிருக்கிறார். ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "என்னம்மா இது, குழந்தைய சிரிக்கச் சொல்லாம படமா?" என்று கிண்டலாகக் கேட்டார். "உங்கள யாராவது நாற்காலில உக்கார வச்சு சிரின்னா சிரிப்பீங்களா? அப்படியே சிரிச்சாலும் அத மாட்டி வைக்க முடியுமா?" என்றார் அக்கா. 

இன்னொரு சட்டம் உண்டு. அது சுவரில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து அவர் வாயாலேயே சொன்னது. "முகத்துல கை வைக்காத. மூக்கு ஒழுகியிருந்தா தொடச்சு விடு. மத்தது எதுவும் உன்னோடது இல்ல."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன்னால், கேமராவுக்குள் எங்கோ தூசி புகுந்து எல்லாப் படங்களிலும் கறுப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒரு பாலர் பள்ளிக்கு எடுத்த படங்களை அவரே வரிசையாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். புள்ளி தெரிந்தால் அழி, புள்ளி தெரிந்தால் அழி. கை பழகிவிட்டால் கண் கேள்வி கேட்காது அல்லவா? நடுவே எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றின் படமும் வந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி. அதையும் அழித்துவிட்டார். அது தூசி இல்லை, மச்சம்.

ஒரு மாதம் கழித்து வந்த அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "என் பொண்ணு கன்னத்துல இருந்தத எங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாராம். தினமும் தூங்க வைக்கும்போது அந்த இடத்தில்தான் முத்தம் கொடுப்பாராம். அசல் படத்தை அக்கா எப்போதோ அழித்திருந்தார். மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அதற்குள் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. எட்டு மாதத்தில் இருந்த பிள்ளை போயே போய்விட்டது. "அந்த ஒரு மாசத்த நான் அவங்ககிட்டயிருந்து திருடிட்டேன்" என்று அக்கா என்னிடம் சொன்னபோது, அடடா, இந்த மனுஷிக்கும் மனசு இருக்கிறது என்று முதல் முதலாக நினைத்தேன்.

இத்தனையும் தெரிந்தே நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

போன வருடம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா எங்கள் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மணிக்கட்டு நெடுக இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. வீட்டில் அதைக் கூப்பிடுவதே ராங்கி என்றுதான். பெயருக்கேற்ற மாதிரி, நான் தூக்கப் போனதும் என் கையைத் தட்டிவிட்டுப் பத்தொன்பது படியையும் தானே தவழ்ந்து ஏறியது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

ராங்கிக்கு இடது இமை எழும்பாது. பிறந்ததிலிருந்தே அப்படி. கண்ணின் முக்கால் பாகத்தை இமை மூடியிருக்கும். பார்வைக்குக் குறையில்லை, நாலு வயதுக்குமேல் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை குழந்தை தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. முகவாயைத் தூக்கி, இமைக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக உலகத்தைப் பார்க்கும். அதனால் எப்போதும் நம்மையெல்லாம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வேண்டியது பாஸ்போர்ட் படம். அப்பா கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். குழந்தை வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது போனவர். போனில் பார்த்ததோடு சரி, பிள்ளையைத் தொட்டதில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள இப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. அந்த அனுமதிக்கு மாதக் கடைசி வரைதான் உயிர். அதற்குள் குழந்தையின் பாஸ்போர்ட் வந்து, இருவரும் அந்த ஊரில் இறங்க வேண்டும். தவறினால் முதலிலிருந்து விண்ணப்பம், இன்னும் இரண்டு வருடம்.

பாஸ்போர்ட் படத்தின் சட்டங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் வெள்ளை, தலை நேராக, வாய் மூடி, இரண்டு கண்ணும் திறந்து, கை தெரியக்கூடாது, நிழல் விழக்கூடாது, வேறு ஆள் தெரியக்கூடாது. பெரியவர்களே திணறுவார்கள். அக்கா எப்போதும் செய்வதுபோல் அம்மாவை முக்காலிக்குப் பின்னால் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, துணிக்குள்ளிருந்து குழந்தையின் இடுப்பைப் பிடிக்கச் சொன்னார். கிலுகிலுப்பையைச் சரியாகக் குழந்தையின் கண் மட்டத்தில் ஆட்டினார். ராங்கி முகவாயை இறக்கி நேராகப் பார்த்தாள். நல்ல படம். வலது கண் பளிச்சென்று, இடது கண் இமைக்குள்.

அனுப்பினோம். திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: கண்கள் திறந்திருக்கவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும்.

மறுபடி எடுத்தோம். அக்கா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். விளக்கை இறக்கினார், ஏற்றினார், முக்காலியைத் திருப்பினார். நாற்பது படங்கள். டாக்டரிடமிருந்து கடிதமும் வாங்கிக் கூட வைத்து அனுப்பினார் அந்த அம்மா. அதுவும் திரும்பியது. அதே வரி. கடிதத்தை யாரும் பிரித்த மாதிரியே தெரியவில்லை.

மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது. அச்சாகி வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த வாரத்துக்குள் படத்தை ஏற்றுக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து மறுப்புக் கடிதத்தை மடித்து மடித்துக் கட்டை விரலளவு ஆக்கிவிட்டார். "அவர் அங்க கட்டில் வாங்கிப் போட்டுட்டாரும்மா, சின்னதா" என்று என்னிடம் சொன்னார். 

மறுநாள் மத்தியானம் அக்கா ஒரு பாலர் பள்ளிக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். உட்கார்ந்தேன். ராங்கியின் படத்தைத் திறந்தேன். வலது கண்ணை எடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண் இருந்த இடத்தில் வைத்தேன். ஓரங்களை இழைத்தேன். இருபது நிமிட வேலை. இரண்டு கண்ணும் திறந்து, அப்படியே கடையில் வைத்த பொம்மை மாதிரி ஒரு குழந்தை. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

படிக்கட்டில் கிலுகிலு சத்தம் கேட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நம்ம ஸ்டூடியோல சூரியன் ரெண்டா?" என்றார்.

"என்னக்கா?"

"விளக்கு இடது பக்கம் இருக்கு. ரெண்டு கண்லயும் வெளிச்சப் புள்ளி ஒரே பக்கம்தான் விழணும். இங்க ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். கண்ணத் திருப்பிப் போட்டிருக்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டால் எனக்கு வாய் நீளும், அது என் ராசி. "ஆமா, போட்டேன். இப்ப என்ன? அந்த ஆபீஸ்காரங்களுக்குப் புள்ளி தெரியப்போகுதா? உங்களுக்கு உங்க சட்டம்தான் பெருசு. அந்தப் பொண்ணு புருஷன் முகத்த நேர்ல பாத்து ரெண்டு வருஷமாச்சு. குழந்தை அப்பன தொட்டதே இல்ல. உங்க பிடிவாதத்துக்கு அவங்க ஏன் அழணும்?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. பைக்குள்ளிருந்த கிலுகிலுப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அந்தப் பொண்ணக் கூப்பிடு. அவ பிள்ள, அவ முடிவு பண்ணட்டும்" என்றார்.

சலவைக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஐயோ, இது போதுமே! இதையே அனுப்பிடலாமே! இத ஏன் மொதல்லயே பண்ணல?" என்றார். நான் அக்காவை ஒரு பார்வை பார்த்தேன்.

அக்கா அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "எடுத்துக்க. நான் தடுக்க மாட்டேன். பாஸ்போர்ட்டும் வந்துடும். ஆனா அந்த ஊர்ல போய் இறங்கறப்ப அங்க ஒருத்தன் உக்காந்திருப்பான். படத்தப் பாப்பான். உன் பிள்ளயப் பாப்பான். இந்தக் கண்ண அங்க எப்படித் தெறப்ப?"

அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும்தான். சத்தியமாக அந்த ஆளை நான் நினைத்தே பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அப்பா நின்றுகொண்டிருக்க, இந்தப் பக்கமிருந்தே இருவரையும் திருப்பி அனுப்பினால்? 

"அப்ப நான் என்னதான் பண்றது?" என்று அவர் கத்தினார். அக்காவிடம் அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "திறக்காட்டியும் தப்பு, திறந்தாலும் தப்பா? எம் பிள்ள மூஞ்சியே தப்பா?"

"இல்ல" என்றார் அக்கா. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்துடு. பிள்ளைக்குப் பால் குடுத்துக் கூட்டிட்டு வா. பசில இருந்தா சண்ட போட முடியாது."

நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. தப்புச் செய்தவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாளா என்ன?

பாஸ்போர்ட் அலுவலகம் நீளமான கூடம். தரையோடு முடுக்கிய நாற்காலிகள், சீட்டு நம்பர் ஓடும் சிவப்புப் பலகை, கண்ணாடி போட்ட ஆறு ஜன்னல்கள். எங்களுக்கு மூன்றாம் ஜன்னல். அதற்குள் ஒரு மனிதர், மழமழவென்று சவரம் செய்த முகம். மறுப்புக் கடிதத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்க்கவில்லை.

"கண்ணு மூடியிருக்கும்மா. கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"மூடல சார், அது பிறவியிலயே அப்படித்தான். டாக்டர் லெட்டர் இருக்கு" என்றார் அம்மா.

"லெட்டர கம்ப்யூட்டர் படிக்காதே. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர வெளிய வரச் சொல்லுங்க. நான் பேசறேன்" என்றார் அக்கா.

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜன்னல்காரருக்குச் சுருக்கென்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய உபகாரம் செய்கிறவர்போல் கண்ணாடி ஓட்டை அருகே குனிந்தார். "ஏன்மா இவ்வளவு சிரமப்படறீங்க? வேற ஸ்டூடியோவுக்குப் போங்க. கண்ணச் சரிபண்ணிக் குடுத்துடுவாங்க. எல்லாரும் பண்றதுதானே."

 நான் செய்ததையேதான் அவர் சொன்னார். முந்தின நாள் என் வாயில் வந்தபோது அது எவ்வளவு நியாயமாக இருந்தது! அவர் வாயில் கேட்டபோது காது கூசியது.

அக்கா நிமிர்ந்தார். அவர் குள்ளம்; கண்ணாடி ஓட்டைக்குச் சரியாக நெற்றிதான் வரும். "எழுதிக் குடுங்க" என்றார்.

"என்ன?"

"குழந்தையோட கண்ண வேற மாதிரி வரஞ்சுக்கிட்டு வாங்கன்னு இப்பச் சொன்னீங்கள்ல, அத ஒரு காகிதத்துல எழுதி, கீழ உங்க கையெழுத்துப் போட்டு, முத்திர குத்திக் குடுங்க. நான் வரஞ்சுக்கிட்டு வர்றேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னீங்க" என்றேன் நான், கூடம் முழுக்கக் கேட்கும்படி. என் கோபத்துக்கும் ஒருநாள் வேலை வந்தது. "நானும் கேட்டேன். எனக்குப் பின்னாடி நிக்கறவங்களும் கேட்டாங்க."

"ஆமா, கேட்டுச்சு" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர், நன்றாயிருக்க வேண்டும் அவர்.

சத்தம் கேட்டு உள்ளிருந்து மேலதிகாரி வந்தார். தலை நரைத்த அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். "என்ன இங்க கூச்சல்?" என்றார். அக்கா பையிலிருந்து வெள்ளை விரிப்பை எடுத்து உதறி, நடுக்கூடத்தில் தரையில் விரித்தார். அம்மாவின் இடுப்பிலிருந்து ராங்கியை வாங்கி அதன்மேல் உட்கார வைத்தார். கேமராவை வெளியே எடுத்தார்.

காவலாளி ஓடி வந்தார். "இங்க படம் எடுக்கக்கூடாது!"

"நான் எடுக்கலப்பா. இவங்க எடுக்கப்போறாங்க" என்று சொல்லி அக்கா கேமராவை மேலதிகாரியிடம் நீட்டினார். "மேடம், இந்தப் பொத்தான்தான். குழந்தைங்கள எடுக்கறது இருபத்தாறு வருஷமா என் தொழில். ரெண்டு கண்ணும் திறந்த மாதிரி நீங்க ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங்க. இன்னைக்கே என் கடை போர்ட கழட்டிடறேன். உங்களால முடியலன்னா, என் படத்த எடுத்துக்கங்க."

அக்கா கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போர்டைக் கழற்றுவதென்றால் என்ன அர்த்தம்? அவர் வாயிலிருந்து வந்தால் வந்ததுதான். இவர் சொன்னால் செய்வார், சனியன் பிடித்த பிடிவாதம்! இத்தனைக்கும் நடுவே ராங்கி விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையே கலைந்து வட்டமாக நின்றது. அதிகாரி அம்மாள் கேமராவை வாங்கிக்கொண்டார். எரிச்சலில்தான் வாங்கினார், முகம் சொன்னது. முட்டி வலிக்க மெல்ல மண்டியிட்டார். "பாப்பா, இங்க பாரு. பாட்டியப் பாரு" என்றார்.

ராங்கி பார்த்தாள். முகவாயைத் தூக்கிக்கொண்டு, தன் வழக்கப்படி.

"தலைய நேரா வைக்கணுமே."

அம்மா குனிந்து முகவாயை மெதுவாக இறக்கினார். இமை இறங்கியது.

"கண்ணத் திற பாப்பா. நல்லாத் திற. இங்க, என்னப் பாரு."

யாரோ புதிதாக ஒருத்தி தன்னை இத்தனை தடவை கூப்பிடுகிறாளே, யார் என்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று ராங்கி முடிவு செய்தாள் போலிருக்கிறது. இடது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை இமையின்மேல் வைத்து, மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கண்ணாலும் அந்த அம்மாளை முழுசாகப் பார்த்தாள்.

அதிகாரி கேமராவுக்குப் பின்னாலிருந்து, "கைய எடுக்கச்..." என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டார். கேமராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தில் நம்பர் பலகை டிங் என்று அடித்தது, ஒருவரும் நகரவில்லை. குழந்தை விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் செய்யுமா?" என்று கேட்டார், மண்டியிட்டபடியே.

"யாரையாவது நல்லாப் பாக்கணும்னா செய்வா" என்றார் அம்மா. "போன்ல அவங்கப்பா வந்தா விரல எடுக்கவே மாட்டா. கை வலிக்கும், அப்பவும் எடுக்க மாட்டா." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு அந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி எழுந்திருக்கக் காவலாளி கைகொடுத்தார். மூன்றாம் ஜன்னலுக்குள் போய், அந்த மனிதரை நகரச் சொல்லிவிட்டு, அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் மறுத்தால் ஆள் ஏற்றுக்கொள்ள ஒரு வழி உள்ளே இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைத் திறக்கிறவர் தன் பெயரைப் போட வேண்டும், பிற்பாடு கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "இருபது வருஷமா இங்க இருக்கேன், இத நான் தொட்டதில்ல" என்றார். விசைப்பலகைமேல் கை அப்படியே நின்றது. "நாளைக்கு யாராவது இது சரியான படம் இல்லன்னு சொன்னா, என் தலைதான் உருளும்."

அக்கா பையிலிருந்து எங்கள் படத்தை எடுத்தார், நாற்பதில் முதலாவது. திருப்பி வைத்து, வெள்ளையான பின்பக்கத்தில் எழுதினார்: இந்தக் குழந்தையின் முகம் இதுதான். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. கீழே கையெழுத்து, கடை முகவரி, போன் நம்பர். கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார்.

"உங்க தலையோட என் தலையையும் சேத்து உருட்டச் சொல்லுங்க" என்றார்.

அதிகாரி அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். டாக்டரின் கடிதத்தையும் பிரித்துப் படித்தார். அப்புறம் தன் பெயரைத் தட்டினார்.

பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. முழுசாக மூன்று நாள்தான் மிச்சம். சலவைக் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் துணியையெல்லாம் தன் கையாலேயே இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாராம். கிளம்பும் நாள் நாங்கள் போகவில்லை. ஸ்டூடியோவில் இரட்டைக் குழந்தைகள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து அழுதுகொண்டிருந்தன. அக்கா தரையில் படுத்து டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாலும் மனசு அதில் இல்லை. மூடி இரண்டு தடவை பெஞ்சுக்கடியில் போயிற்று. அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அக்கா தாவி எடுத்தார், எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"இறங்கிட்டோம் அக்கா" என்றார் அந்த அம்மா. மூச்சு வாங்கியது. "அங்க ஒருத்தர் உக்காந்திருந்தார், நீங்க சொன்ன மாதிரியே. படத்தப் பாத்தார். இவளப் பாத்தார். மறுபடி படத்தப் பாத்தார்.  அப்புறம் தலைய ஆட்டி, இது இவளேதான்னு சொல்லி முத்திர குத்திட்டார்."

அவர் குரலுக்குப் பின்னால் ஓர் ஆணின் குரல், குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பின்ன வேற யாராம்?" என்றார் அக்கா.